ஞானஸ்நான ஏட்டில் பூட்டியைத் தேடி

எங்கள் பாட்டியின் அம்மாவை வீட்டில் முத்தாச்சி என்பார்கள். கடற்கரை ஊரில் பிறந்தவள், காதில் பாம்படம் போட்டிருந்தாள், பாட்டிக்கு விவரம் தெரியும் முன்பே காய்ச்சலில் செத்துப்போனாள். அவளைப் பற்றி எங்களுக்கு எஞ்சியது இவ்வளவுதான். போட்டோ கிடையாது, கல்லறையில் கல்லும் கிடையாது. அந்த ஊர்ப் பங்குக் கோயிலின் பழைய ஞானஸ்நான ஏட்டில் 'முத்து' என்ற பெயரைத் தேடிக்கொண்டு மூன்று முறை போய், மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பினேன். நாலாவது முறை கிடைத்தாள். அதுவரை நான் தேடிய விதமே தப்பு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. குடும்ப வேரைத் தேடி இப்படிக் கோயில் கோயிலாக அலைகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், இந்த ஏடுகள் எப்படி வந்தன என்று பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் 1538இல் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவின்படி ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்கத் தொடங்கினார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் ஞானஸ்நான ஏட்டையும் திருமண ஏட்டையும் பங்குச் சாமியாரின் கட்டாயக் கடமை ஆக்கியது. 1614இல் வெளியான உரோமைச் சடங்கு நூல் ஐந்து ஏடுகள் வேண்டும் என்றது: ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், இறப்பு, இவற்றோடு 'ஆன்மாக்களின் நிலை' என்று பெயரிட்ட குடும்பக் கணக்கு. இன்றைக்குப் பங்குகளில் வைத்திருக்கும் குடும்ப அட்டைக்கு மூதாதை அந்தக் கடைசி ஏடுதான். வீடு வீடாகப் போய் யார் யார் இருக்கிறார்கள், யார் பூசைக்கு வருகிறார்கள் என்று எழுதியது. அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பல ஊர்களில் கிடைப்பதில்லை.

நம் பக்கத்தில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களிலேயே கிறிஸ்தவர்கள் ஆனார்கள். பிரான்சிஸ் சவேரியார் 1542இல் இந்தியாவுக்கு வந்து அந்தக் கடற்கரையில் நடந்தார். அதனால் நானூறு ஐந்நூறு வருஷத்து ஏடுகள் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கரையான், இராமபாணம், உப்புக்காற்று, போர், சாமியார் இல்லாத காலங்கள் என்று எல்லாம் சேர்ந்து தின்றதுபோக எஞ்சியதுதான் இன்றைக்கு இருக்கிறது. 1773இல் சேசு சபையைப் பாப்பரசர் கலைத்தபோது மதுரை மிஷனில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த குருக்கள் குறைந்துபோனார்கள். அவர்கள் திரும்பி வர 1830களின் கடைசி ஆயிற்று. இடைப்பட்ட காலத்துப் பதிவு பல ஊர்களில் அறுந்து கிடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதிக்குப் பிறகு தொடர்ச்சியாகக் கிடைத்தாலே அந்த ஊர் பாக்கியம் செய்த ஊர்.

சீர்திருத்த சபைகளின் கதை வேறு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1706 ஜூலையில் இறங்கினார். மறு வருஷம் மே மாதமே முதல் ஞானஸ்நானம் நடந்தது. பெற்றவர்கள் டேனிஷ்காரர்கள் வீட்டில் அடிமைகளாக இருந்த ஐந்து பேர். பாளையங்கோட்டையில் 1780இல் எழுதிய சபைப் பதிவில் நாற்பது பேர். அதில் கிளாரிந்தா என்ற விதவைப் பெண்ணின் பெயரும் இருக்கிறது. பிறகு அந்த ஊரில் கோயில் கட்டியவர் அவர்தான். பின்னாளில் லட்சக்கணக்கில் பெருகிய திருநெல்வேலிச் சபை, ஒரு தாளில் அடங்கிய நாற்பது பெயராகத் தொடங்கியது. நெல்லைச் சீமையில் இன்னொரு விஷயமும் நினைவில் வேண்டும். தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி, 1877–78 வாக்கில், பெருந்திரளாக மக்கள் சபையில் சேர்ந்தார்கள். எத்தனையோ குடும்பங்களின் வரலாறு ஏட்டில் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய தலைமுறைக்குக் கோயில் ஏடு உதவாது. குலதெய்வத்தையும் நிலப் பத்திரத்தையும்தான் கேட்க வேண்டும்.

தேடலைக் கோயிலில் தொடங்காதீர்கள். வீட்டில் தொடங்குங்கள். உயிரோடு இருக்கும் மூத்தவரிடம் உட்கார்ந்து, பெயரைவிட ஊரையும் உறவையும் கேளுங்கள். யாருக்கு யார் மாமன், எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தார்கள், எந்தக் கோயில் திருநாளுக்குப் போவார்கள், வீட்டுக்குப் பட்டப்பெயர் என்ன. அப்புறம் அந்த ஊர் அந்தக் காலத்தில் எந்தப் பங்கின் கீழ் இருந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதில்தான் பலர் வழி தவறுகிறார்கள். இன்றைக்குத் தனிப்பங்காக இருக்கும் ஊர் நூறு வருஷத்துக்கு முன் பத்து மைலுக்கு அப்பால் உள்ள தாய்ப்பங்கின் கிளைக் கிராமமாக இருந்திருக்கும். ஏடு தாய்ப்பங்கில்தான் இருக்கும். மறைமாவட்டங்களும் பிரிந்துகொண்டே வந்தவை: திருச்சி 1886, கும்பகோணம் 1899, தூத்துக்குடி 1923, கோட்டாறு 1930, மதுரை 1938. போதாததற்கு, ஒரே ஊரில் போர்த்துக்கல் அரசின் ஆதரவில் வந்த கோவாக் குருக்களுக்கு ஒரு கோயில், ரோமாபுரி நேரே அனுப்பிய குருக்களுக்கு ஒரு கோயில் என்று இரட்டை அதிகாரம் பல காலம் நடந்தது. ஒரு கோயில் ஏட்டில் உங்கள் ஆள் இல்லையென்றால், தெருக்கோடியில் இருக்கும் இன்னொரு கோயிலையும் கேளுங்கள்.

பங்குச் சாமியாரைப் பார்க்கப் போகும்போது ஞாயிற்றுக்கிழமையும் திருநாள் சமயமும் வேண்டாம். முன்கூட்டி ஒரு கடிதம் எழுதி, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, யாருடைய பதிவு என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போங்கள். ஏட்டைக் காட்டுவது அவர் செய்யும் உபகாரம். ஏட்டில் தகப்பன் பெயர் எழுதாத பிள்ளைகள் இருப்பார்கள், நடக்காமல் நின்ற கல்யாணங்கள் இருக்கும். ஊரில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். சமீப கால ஏடுகளைக் காட்ட மறுத்தால் அது நியாயம்தான்.

இனி ஏட்டைத் திறப்போம்.

கத்தோலிக்க ஏடு என்றால் பெரும்பாலும் லத்தீன். பயப்பட வேண்டாம், ஒரே வாக்கியம்தான் பக்கம் பக்கமாகத் திரும்ப வரும். 'அன்னோ தோமினி' என்றால் ஆண்டவருடைய வருஷத்தில். 'தியே' என்றால் தேதி, 'மென்சிஸ்' என்றால் மாதம். 'பாப்திசாவி' — நான் ஞானஸ்நானம் கொடுத்தேன். 'நாத்துஸ்' பிறந்தவன், 'நாத்தா' பிறந்தவள். 'ஃபீலியுஸ்' மகன், 'ஃபீலியா' மகள். 'கோன்யூகும்' என்று வந்தால் முன்னால் உள்ள இரண்டு பேரும் கணவன் மனைவி. 'பத்ரீனுஸ்' ஞானத்தகப்பன், 'மத்ரீனா' ஞானத்தாய். 'செபுல்துஸ்' அடக்கம் செய்யப்பட்டவன். இந்தப் பத்துப் பன்னிரண்டு சொல் தெரிந்தால் போதும், ஏட்டின் பெரும்பகுதி ஓடிவிடும்.

மாதத்தில் மட்டும் ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய குருமார் செப்டம்பரை எழுத 7 என்று போட்டுப் பக்கத்தில் 'பிரிஸ்' என்று சேர்ப்பார்கள். 8 போட்டால் அக்டோபர், 9 போட்டால் நவம்பர், 10க்கு உரோம எண் போட்டிருந்தால் டிசம்பர். லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு, ஒக்தோ என்றால் எட்டு என்பதால் வந்த சுருக்கம். அதை ஜூலை, ஆகஸ்ட் என்று படித்துவிட்டால் பிள்ளை, தாய் தகப்பன் கல்யாணத்துக்கு முன்பே பிறந்ததாகிவிடும். இல்லாத பழியை ஒரு குடும்பத்தின் மேல் போட்டுவிடுவோம்.

லத்தீனில் பெயரின் வாலும் மாறும். 'பவுலி' என்று எழுதியிருந்தால் அது 'பவுலுஸின்' என்று பொருள். தகப்பன் பெயர் பவுலுஸ். வீட்டில் அவரைச் சின்னப்பன் என்றிருப்பார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் தேடுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

நம் பழைய கத்தோலிக்கர்கள் புனிதர்களின் பெயரை ஒலியாக மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை, பொருளோடு தமிழாக்கிக்கொண்டார்கள். லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவன், அதனால் சின்னப்பர். கிரேக்கத்தில் ஸ்தெபானோஸ் என்றால் முடி, அதனால் முடியப்பர். பெனெதிக்து ஆசீர்வாதம் ஆனார். யோவான் அருளப்பர், பேதுரு இராயப்பர். யாகப்பர் என்றாலும் சந்தியாகு என்றாலும் ஒரே அப்போஸ்தலர்தான். எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் நட்டாலத்து நீலகண்டபிள்ளை. 1745 மே 14ஆம் தேதி வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு வைத்த பெயர் லாசருஸ். 'கடவுள் உதவினார்' என்ற அதன் எபிரேயப் பொருளைத் தமிழில் சொன்னால் தேவசகாயம். 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டவர் அவர்தான். ஏட்டில் தேவசகாயம் என்ற எழுத்துகளைத் தேடுகிறவர் லாசருஸைத் தாண்டிப் போய்விடுவார்.

அதனால் ஏட்டை எடுக்கும் முன்பே உங்கள் குடும்பத்துப் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் லத்தீன் வடிவம் என்ன, தமிழாக்கம் என்ன, வீட்டுச் செல்லப்பெயர் என்ன என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்பதும் முக்கியம். பிரெஞ்சுச் சாமியார் நம் 'உ' ஒலிக்கு ஓ, யூ என்ற இரண்டு ஆங்கில எழுத்தையும் சேர்த்துப் போடுவார். போர்த்துக்கீசிய வழக்கத்தில் வந்தவர் சவேரியார் பெயரை எக்ஸில் தொடங்குவார். அவர்கள் எழுதியது காதில் விழுந்ததை. அதனால் பெயரைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காகிதத்தில் புரியாத பெயர், உரக்கச் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் பெயராகிவிடும்.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு வகைச் சிக்கல். அமெரிக்க மிஷன் பள்ளிகளில் படித்தவர்களுக்கு, படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயரைச் சூட்டும் வழக்கம் இருந்தது. 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளைக்கு ஆர்னால்ட் என்ற பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வெள்ளைக்கார மூதாதை இருந்தார் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. முத்துக்குளித்துறையில் வழங்கும் பர்னாந்து, மோத்தா, மச்சாடோ போன்ற பெயர்களும் அப்படித்தான். ஞானஸ்நானத்தின் வழியே வந்தவை அவை, இரத்த வழியாக வந்தவை என்று கொள்ளக் கூடாது.

உபதேசியார் தமிழில் எழுதிய ஏடு கிடைத்தால் வேலை சுலபம் என்று நினைப்போம். பழைய தமிழ்க் கையெழுத்துக்கும் பழக்கம் வேண்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. 'ர'வும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் கொம்பில் வித்தியாசம் தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் விட மாட்டார்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு படித்தவர்களுக்குப் பழைய 'ணை', 'லை', 'றா' வடிவங்களும் புதிதாக இருக்கும். வீட்டில் எழுபது வயதுக்கு மேற்பட்டவர் இருந்தால் கூடவே கூட்டிப் போங்கள். நீங்கள் ஒரு மணி நேரம் முழிக்கும் வரியை அவர் ஒரு மூச்சில் படித்துவிடுவார்.

வருஷத்தைத் தமிழ் எண்ணில் எழுதியிருந்தால் ௧ ஒன்று, ௭ ஏழு, ௮ எட்டு. 'எட்டு' என்ற சொல் எகரத்தில் தொடங்குகிறதே என்று எ போன்ற வடிவத்தை எட்டாகப் படித்துவிடாதீர்கள், அது ஏழு. ௲௮௱௭௰௧ என்றால் 1871. வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳ என்று குறி உண்டு. ௸ என்று போட்டிருந்தால் 'மேற்படி'. மேல்வரியில் என்ன ஊர், என்ன தகப்பன் பெயர் இருந்ததோ அதுவே இங்கும். அந்த ஒரு குறியைக் கவனிக்காமல் விட்டால் அண்ணன் தம்பியைப் பிரித்துவிடுவோம். இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்ததால் அங்கே கொல்லம் ஆண்டு வரும். ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824, ஜனவரியிலிருந்து ஆடி வரை 825 கூட்டினால் நம் கணக்குக்கு வந்துவிடும். கொல்லம் 1075 ஆவணி என்றால் 1899. தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அது திரும்ப வரும் என்பதை மறக்க வேண்டாம். விகாரி 1839இலும் வந்தது, 1899இலும் வந்தது. எது என்று பக்கத்துப் பதிவுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

படித்த தேதி சரிதானா என்று சோதிக்க எனக்கு மிகவும் உதவிய வழி ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில், பாஸ்குவுக்கு முந்தைய தபசு காலத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் ஆடம்பரமான திருமணம் வைக்கத் திருச்சபைச் சட்டம் தடை. அதனால் திருமண ஏட்டில் மார்ச் மாதப் பக்கங்கள் வெறிச்சென்று இருக்கும். நீங்கள் படித்த தேதி பெரிய வெள்ளிக்கு முந்தைய வாரத்தில் வந்தால், எண்ணை இன்னொரு தடவை பாருங்கள். அநேகமாகத் தப்பாகப் படித்திருப்பீர்கள்.

இப்போது முத்தாச்சிக்கு வருகிறேன்.

பாட்டியின் ஞானஸ்நானப் பதிவு எளிதாகக் கிடைத்தது. 1896. தாயின் பெயர் இருந்த இடத்தில்தான் இராமபாணம் துளைத்திருந்தது. முதல் எழுத்து 'மா' போலத் தெரிந்தது, அவ்வளவுதான். அந்தக் காலத்து ஊரில் 'மா' என்றோ 'ம' என்றோ தொடங்கும் பெண் எத்தனை பேர்! மரியம்மாள் மட்டும் அந்தப் பத்து வருஷத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் பாட்டி பெயருக்கு எதிரே ஓரத்தில், வேறு மையில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: 1914இல் இன்ன ஊரில் இன்னாரோடு திருமணம். 1908 முதல் இது சட்டம். ஒருவருக்குத் திருமணம் நடந்தால் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் போக வேண்டும், அங்கே ஓரத்தில் குறிக்க வேண்டும். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பெண்கள் பழைய ஏடுகளில் தொலைந்துபோவார்கள். ஓரத்து வரிதான் அவர்களை மீட்டுத் தருகிறது. முதல் மூன்று தடவையும் நான் நடுப்பகுதியை மட்டுமே பார்த்திருந்தேன்.

அந்த ஊருக்குப் போய் 1914 திருமணப் பதிவை எடுத்தேன். மணமகன், மணமகள், சாட்சிகள், திருமண அறிவிப்பு ஓலையை மூன்று ஞாயிறு வாசித்தாயிற்று என்ற குறிப்பு. அதன் கீழே, இரண்டாம் படி இரத்த உறவுக்கு ஆயர் விலக்கு அளித்தார் என்று ஒரு வரி. தமிழ்க் குடும்பத்தில் வேரைத் தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய புதையல் கிடையாது. நமக்கு மாமன் மகளும் அத்தை மகனும் உரிமைப்பட்டவர்கள். திருச்சபைச் சட்டத்தில் அது தடை. விலக்கு வாங்க வேண்டும், வாங்கியதை எழுத வேண்டும். அன்றைய கணக்கில் உடன்பிறந்தவர்கள் முதல் படி, அவர்கள் பிள்ளைகள் இரண்டாம் படி, பேரப்பிள்ளைகள் மூன்றாம் படி. அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டியிருந்தால் 'முதலாவதைத் தொடும் இரண்டாம் படி' என்று எழுதுவார்கள். ஆக, 'இரண்டாம் படி' என்ற இரண்டே சொல், மணமகனுக்கும் மணமகளுக்கும் ஒரு பக்கத்துத் தாத்தா பாட்டி ஒன்றே என்று சாட்சி சொல்கிறது. ஒருவர் பக்கம் ஏடு அழிந்திருந்தால் மற்றவர் பக்கமாக ஏறிப் போய்விடலாம்.

பாட்டி கட்டியது தாய்மாமன் மகனை என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் தாத்தாவின் அப்பாவும் முத்தாச்சியும் உடன்பிறந்தவர்கள். தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவில் அவர் அப்பா பெயர் இருந்தது. அந்த அப்பாவின் திருமணப் பதிவில் அவருடைய தாய் தகப்பன் பெயர் இருந்தது. அந்த இரண்டு பெயரையும் கையில் வைத்துக்கொண்டு முதல் ஊர் ஏட்டுக்குத் திரும்பி வந்து, அவர்களுக்குப் பிறந்த பெண்பிள்ளைகளை மட்டும் வரிசையாகக் குறித்தேன். மூன்று பேர். ஒருத்தி பிறந்த வாரமே இறந்திருந்தாள். ஒருத்தி பெயர் அன்னா. மூன்றாமவள், 1871 அக்டோபர் 9இல் ஞானஸ்நானம் பெற்றவள், பெயர் மார்கரீத்தா.

மார்கரீத்தா என்றால் லத்தீனில் முத்து.

சாமியார் புனிதையின் பெயரை எழுதியிருக்கிறார். யாரோ அதன் அர்த்தத்தை வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். முத்துக்குளிக்கிற ஊர் அந்த அர்த்தத்தையே பெயராகக் கூப்பிட்டிருக்கிறது. ஞானத்தாய் என்று எழுதியிருந்தவள் பெயரும் மார்கரீத்தாதான். பிள்ளையின் தகப்பனுடைய ஊருக்குப் பதில் வேறொரு கடற்கரை ஊர் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. ஞானப்பெற்றோர் அநேகமாக நெருங்கிய சொந்தக்காரர்களாகத்தான் இருப்பார்கள். தாய்வழிப் பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைப்பதும் சகஜம். ஆகவே ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்து எவர் உங்களுடையவர் என்று தெரியாதபோது, அந்தப் பெயரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அதைச் சுற்றி நிற்பவர்களைப் பாருங்கள். ஞானத்தகப்பன், ஞானத்தாய், திருமணச் சாட்சிகள், அடக்கத்தின்போது கூட இருந்தவர் என்று எல்லோரையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஆட்கள் ஒரே வீட்டைச் சுற்றி முப்பது வருஷம் திரும்பத் திரும்ப வருவார்கள். அந்த வட்டம்தான் ஒரு குடும்பத்தின் உண்மையான அடையாளம்.

மனசைக் கஷ்டப்படுத்துகிற விஷயங்களும் வரும். பல ஏடுகளில் சாதி எழுதியிருக்கும், சில இடங்களில் இன்றைக்கு வாயால் சொல்லக் கூசும் சொற்களில். இறப்பு ஏட்டில் பஞ்ச காலமான 1877ஆம் வருஷப் பக்கங்களைப் புரட்டும்போது ஒரே வீட்டுக்குள் மூன்று, நான்கு பெயர் அடுத்தடுத்து வருவதைப் பார்க்க நேரும். 'சாகும் ஆபத்தில்' மருத்துவச்சி கொடுத்த ஞானஸ்நானம் என்று எழுதிய பிள்ளையை மறுநாளே அடக்க ஏட்டில் காண்போம். எனக்கு அந்த இடங்களில் கை ஓடாது.

கோயிலில் ஏடு அழிந்திருந்தால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். 1872ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி திருமண விவரத்தின் பிரதி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசுப் பதிவாளருக்குப் போயிருக்க வேண்டும். அதை அங்கே கேட்டுப் பார்க்கலாம். சேசு சபையின் மதுரை மிஷன் காகிதங்கள் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இருக்கின்றன. தரங்கம்பாடி மிஷனரிகள் எழுதியனுப்பியவை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால் பதிவுகளின் பிரதி பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஊரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது; இணையத்திலேயே பக்கம் பக்கமாகப் படம் பார்க்கலாம். சென்னை மாகாணத்து ஆங்கிலேயக் கோயில்களின் பிரதிகள் 1698 முதல் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உண்டு, ஆனால் அவற்றில் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பெயர்களே. இலங்கையில் டச்சுக்காரர் காலத்துப் பள்ளித் தோம்புகளில் ஞானஸ்நானமும் திருமணமும் ஊர்வாரியாக இருக்கின்றன.

ஏடு கையில் கிடைத்தால் அதைக் காப்பாற்றுவதும் நம் பொறுப்பு. கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்ட வேண்டாம். குறிப்பெடுக்கப் பென்சில் போதும், பேனா மேசைக்கே வர வேண்டாம். சாமியார் அனுமதி தந்தால் ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி செல்போனில் படம் எடுங்கள். மை வெளுத்த இடத்தில்கூடப் பேனா அழுத்திய தடம் தெரியும். கிழிந்த பக்கத்தை ஒட்டித் தருகிறேன் என்று செலோ டேப் போட்டுவிடாதீர்கள், லேமினேஷனும் கூடாது. இரண்டும் கரையானைவிட மோசம். எழுதிக்கொள்ளும்போது ஏட்டில் உள்ளதை உள்ளபடியே எழுதி, உங்கள் ஊகத்தை வேறு நிறப் பென்சிலில் தனியாக எழுதுங்கள். பக்க எண்ணையும் வரிசை எண்ணையும் விட்டுவிடாதீர்கள். பத்து வருஷம் கழித்து உங்கள் மகளோ பேரனோ அதே பக்கத்தைத் திறக்க வேண்டியிருக்கும்.

ஞானத்தாயான மூத்த மார்கரீத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கடற்கரை ஊர் எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். அந்தப் பங்கில் 1840களின் ஏடு ஒன்று முன்பக்கம் இல்லாமல் இருக்கிறதாம். தபசு காலம் முடியட்டும், வாருங்கள் என்று சாமியார் போனில் சொல்லியிருக்கிறார். பாஸ்கு கழிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை போகிறேன்.